கை கேட்ட வேலை

அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வரிசைவீடான லயத்து வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள், வலதுகை மட்டும் தரையில் எதையாவது தேடிக்கொண்டிருக்கும். காய்ந்த குச்சி ஒன்று அகப்பட்டால் போதும். நுனியைப் பிடித்து வளைத்து, எந்த இடத்தில் ஒடியும் என்று பார்த்து, அந்த இடத்தில் ஒடிப்பாள். ஒடித்ததை முகத்துக்கு நேராகப் பிடித்து, முறிந்த வாய் பிசிறில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு அடுத்த குச்சியைத் தேடுவாள்.

"என்னா புள்ள, அடுப்புக்கா?" என்று கேட்பேன்.

"இல்லக்கா. கை கேக்குது."

அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவள் ஒன்றும் நினைக்கமாட்டாள், எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போகிற பாதையை ஒட்டி எங்கள் தேயிலைத் தோட்டம். அவள் கலியாணம் கட்டி வந்து குடியேறியது லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். என்னை அக்கா என்பாள், நான் புள்ள என்பேன். கொழுந்து மலையிலும் அவள் நிரை என் நிரைக்குப் பக்கத்தில்தான்.

கொழுந்து எடுப்பதில் அவள் மகா மோசம். சோம்பேறி என்று சொல்ல முடியாது. கொழுந்துக்காரியின் கை செடியின் மேலேயே ஓடவேண்டும். கிள்ளி, தோளுக்குப் பின்னால் கூடையில் எறிந்து, திரும்பக் கிள்ளவேண்டும். இவள் கை செடிக்கு உள்ளே போய்விடும். உள்ளே பாசி பிடித்த கிளை ஒன்று கிடக்கும். அதை ஒடித்து வெளியே எடுத்து, சுற்றியும் துடைத்துவிட்டு நிமிர்வாள். அதற்குள் நாங்கள் நிரையில் எவ்வளவோ மேலே போயிருப்போம்.

"ஏம்மா, செடிக்குப் பேன் பாக்கிறியா?" என்று கங்காணி கீழேயிருந்து கத்துவார். மலை முழுக்கச் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவள் கூடைதான் எப்போதும் இலேசு.

"எனக்கு இது வாய்க்கலக்கா" என்பாள் வழியில். "நீயெல்லாம் எப்பிடித்தான் எடுக்கிறியோ."

நான் எப்படி எடுக்கிறேன் என்று நான் யோசித்ததே இல்லை. அம்மா எடுத்தாள், நானும் எடுத்தேன்.

அதனால் அவள் இடைக்கிடை வேறு வேலைக்குப் போவாள். பதுளை டவுனில் ஒரு புடவைக் கடையில் கொஞ்ச நாள் நின்றாள். முதலாளி நல்ல மாதிரி, மத்தியானச் சாப்பாடும் உண்டு. திரும்பி வந்துவிட்டாள்.

"ஏன் புள்ள, ஏசிட்டாங்களா?"

"யாரும் ஏசலக்கா. நேத்து மடிச்ச சேலைய இன்னைக்கு விரிக்கணும். இன்னைக்கு விரிச்சத திரும்ப மடிக்கணும். துணி வெட்டுற கத்திரி மொதலாளி கையிலதான். அத ஒரு நாள் குடுங்கன்னு கேட்டேன். சிரிச்சிட்டாரு."

அவள் திரும்பி வரும் நாளெல்லாம் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற இடத்தில், கேலிக்குக் குறைவிருக்காது. "வாங்க, வாங்க. அடுத்தது எங்க? துரை பங்களாவா?" என்பார்கள். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, "பங்களால வேலி இருந்தா சொல்லுங்க, வெட்டிவிட்டுட்டு வாறேன்" என்பாள்.

பிள்ளைக்காம்பரா விஷயம்தான் பெரிய கலவரமாகிவிட்டது. அம்மாமார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. ஆயா சுகமில்லாமல் கிடந்ததால் அங்கே அவளைப் போட்டார்கள். போன முதல் நாளே எல்லாப் பிள்ளைகளுக்கும் நகம் வெட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். ஒரு பையனுக்கு முடி வளர்ந்து கண்ணுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவன் தலையை மடியில் வைத்து அதையும் வெட்டினாள். அவ்வளவு அழகாக வெட்டியிருந்தாள். பையனும் அழவில்லை.

மத்தியானம் பால் கொடுக்க அவன் அம்மா வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடியே! அது கதிர்காமத்துக்கு நேந்த முடிடி! பொறந்ததுலேர்ந்து கத்தி படாத முடிடி!"

சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போனோம். இவள் முகத்தில் இரத்தம் இல்லை. முழங்காலில் நின்று, சீமெந்துத் தரையில் கிடந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பாய்க்கு அடியிலும் பிள்ளையின் சட்டைக் கழுத்திலும் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் முடிந்தாள். மறுநாளே அந்த அம்மாவையும் பிள்ளையையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு கதிர்காமத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். போகும்போது அந்த அம்மா இவள் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே பிள்ளைக்கு மொட்டையடித்து, அந்த முடியோடு மஞ்சள் துணி முடியையும் சேர்த்துச் செலுத்திவிட்டு, அந்த அம்மாவும் இவளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு திரும்பி வந்தார்கள்.

"சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்றேன்.

"கேட்டேங்க்கா." கையிலிருந்த குச்சியை ஒடித்தாள். "அங்க முடி எடுக்கிறவரு கையப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். தண்ணி ஓடுற மாதிரி ஓடுது கத்தி. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. சாமி, எனக்கும் ஒரு கத்தி குடுன்னு கேட்டுட்டேன்."

பொம்பிளைப் பிள்ளை கோயிலில் நின்று கேட்கிற வரமா அது? வீட்டுக்காரரோடு ஏதும் சண்டையோ என்றுகூட நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. அவர் சாது. அவருக்கும் தோட்டத்து வேலை பிடிக்காது. அடுப்படிதான் இஷ்டம். அவர் ரொட்டி சுட்டால் லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் வாசம் வரும். ஆனால் அவருக்குத் தோட்டத்தில் கொடுத்திருந்தது கவ்வாத்து வேலை.

தேயிலைச் செடிக்கு வயதாகி உயரம் போனால் கொழுந்து குறைந்துவிடும். சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. செடியில் ஓரமாக ஒரே ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள், செடி மூச்சு விடுவதற்கு. எங்கள் தோட்டத்தில் கத்தி பிடிப்பது ஆம்பிளை வேலை. வெட்டி விழுந்த கிளைக்கு மிலாறு என்று பேர். அதைப் பொறுக்கிக் கட்டி, அடுப்புக்குச் சுமந்து வருவது பொம்பிளை வேலை.

ஒருநாள் மிலாறு பொறுக்க நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். ஆம்பிளைகள் கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் கத்தியைச் செடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். நான் குனிந்து கட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் சரக் என்று ஒரு சத்தம். ஒரே இழுப்புத்தான். திரும்பிப் பார்த்தேன். கத்தி அவள் கையில் இருந்தது.

"வைய்யி புள்ள! யாராச்சும் பாத்தா..."

அவளுக்குக் காது கேட்கவில்லை. ஒரு செடியைச் சுற்றி வந்து முடித்தாள். வெட்டிய வாயெல்லாம் ஒரே சரிவில், ஈரமாக, வெள்ளையாக இருந்தன. ஓரத்தில் ஒரு கிளை அசைந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு வாங்கியபடி சிரித்தாள். அத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள்ளே ஏதோ ஒன்று ஏங்கியது. என்னவென்று தெரியவில்லை.

தேத்தண்ணி குடித்த ஆம்பிளைகளோடு கங்காணி ஏறி வந்தார். அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"யாரு வெட்டுனா இத?"

அவள் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். "நாந்தாங்கய்யா" என்றார்.

"நீயா? ஒன் வெட்டு எனக்குத் தெரியாதா? நாய் கடிச்ச மாதிரில்ல இருக்கும்."

ஆம்பிளைகள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள், "நான்தாங்கய்யா வெட்டுனேன். எனக்கு இந்த வேலையக் குடுங்க" என்றாள்.

பிறகு ஒரு கிழவர், "பொம்பள கத்தி பட்டா செடி துளுக்காது" என்றார்.

"துளுக்கலைன்னா நான் கூடையத் தூக்கிக்கிறேன் தாத்தா. ஒரு தடவ வெட்டிப் பாத்துக்கிறேன்."

இளவட்டங்கள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்ட காலம். கத்தி பிடிக்க ஆள் இல்லை. கங்காணி துரையிடம் சொன்னார். யார் வெட்டினால் என்ன, மலை முடிந்தால் சரி என்றாராம் துரை. கங்காணி மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். அவள் வெட்டுகிற நிரை துளிர்த்தால் அவள் கவ்வாத்து ஆள். துளிர்க்காவிட்டால் மறுபேச்சில்லாமல் கொழுந்துக்குப் போகவேண்டும்.

அடுத்த மலையில் வெட்டத் தொடங்கும்போது வழக்கம்போலக் கவ்வாத்துச் சாமிக்குப் படைத்தார்கள். சாமி என்பது மலையடியில் ஒரு கல்தான். கத்திகளை எல்லாம் கல்லுக்கு முன்னால் அடுக்கிச் சூடம் காட்டுவார்கள். அவள் கத்தியைக் கடைசியில், கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். அவள் அதை ஒன்றும் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டுக்காரர் முதுகுவலி என்று சொல்லி இலேசான வேலைக்கு மாறிக்கொண்டார். அன்றிலிருந்து ரொட்டியும் அவர்தான் சுட்டார். லயத்தில் அந்த வீட்டில்தான் இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு இருந்தார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்து வரும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நான் நேரே அந்த மலைக்கு ஏறிவிடுவேன். அவள் மேலே வெட்டிக்கொண்டு போவாள், நான் பின்னால் மிலாறு பொறுக்கிக்கொண்டு போவேன். சரக், சரக் என்று கத்திச் சத்தம் கேட்கும். வெட்டிய தேயிலைக் கட்டையின் பச்சை வாசம் வரும். தூரத்தில் நமுனுகுலை மலையில் மேகம் இறங்கும். அவள் வாய்க்குள்ளேயே ஏதோ முனகுவாள். பாட்டா என்று கேட்டால் இல்லை என்பாள்.

ஒருநாள் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, ஒங் கை என்னா கேக்குது?"

"என் கையா? அது கெடக்கு."

"சும்மா சொல்லுக்கா. ஒனக்குன்னு ஒரு வேல குடுத்தா என்னா வேல கேப்ப?"

என் உள்ளங்கையைப் பார்த்தேன். தேயிலைக் கறை ஏறிய ரேகைகள்தான் தெரிந்தன. அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி என் தலையில் கூடையை மாட்டினபோதும் கேட்கவில்லை, கட்டிக் கொடுத்தபோதும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து மிலாறுக் கட்டை இறுக்கினேன். அவளும் விட்டுவிட்டாள்.

மலை முடிகிற கடைசி நாள் பொழுது சாய்ந்த பிறகு என் காம்பராவுக்கு வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மேல் நிரையில மூச்சுக்கு விடலக்கா."

"என்னா புள்ள சொல்ற?"

"ஒரு செடிக்குக்கூடக் கிளை விடலக்கா. முழுசா மொட்டையடிச்சிட்டேன். கை ஓடிருச்சு. அவ்வளவு சொகமா ஓடுச்சு. நிறுத்த மனசு வரல. கத்தியத் தொடைக்கும்போதுதான் திரும்பிப் பாத்தேன்."

பிள்ளைக்காம்பராத் தரையில் முழங்காலிட்டபோது இருந்த அதே முகம். பிரியப்பட்ட வேலையைச் செய்ததால் வந்த பிழை. உள்ளே கூப்பிட்டு, பால் விடாத தேத்தண்ணியாகச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் கங்காணி நிரை முழுக்க நடந்து பார்த்தார். ஏசுவார் என்று நின்றோம். ஏசவில்லை. "நான் ஒன்னும் சொல்லப் போறதில்ல. செடி சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் கச்சான் காற்று முந்திக்கொண்டது. எங்கள் பக்கம் அது வீசினால் மண்ணிலும் மனிதர் உதட்டிலும் ஈரம் இருக்காது. மொட்டைக் கட்டைகள் வெயிலில் வெடிக்கத் தொடங்கின. மேலே ஏதாவது போட்டு மூடினால்தான் தப்பும். போடுவதற்கு மலையில் ஒன்றும் இல்லை. மிலாறு எல்லாம் லயங்களுக்கு வந்துவிட்டது.

அவள் காம்பரா காம்பராவாகப் போய்க் கேட்டாள். நானும் பின்னாலே போனேன்.

"எடுத்துக்கிட்டு வந்த வெறகத் திருப்பிக் கேக்கிற ஆள இப்பத்தான் பாக்கிறேன்" என்றாள் ஒருத்தி.

"நாளைக்கு எங்க அடுப்புல என்னத்த வைக்கிறது? ஒங் கத்தியவா?" என்றாள் இன்னொருத்தி.

கடைசியில் கதிர்காமத்துப் பையனின் அம்மா வீட்டு வாசலுக்கு வந்தோம். இவள் வாசலோரம் நின்றுவிட்டாள். அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இவளை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போனாள். சுவரோரம் அடுக்கியிருந்த கட்டு ஒன்றை இழுத்து வந்து வாசலில் போட்டாள்.

"தலமுடியவே ஒன்னு விடாமப் பொறுக்கிச் சேத்தவ இவ" என்று லயம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். "செடிய விட்டுருவாளா? குடுங்கடி!"

ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. அன்றைக்கு நாங்கள் மிலாறைத் தலையில் வைத்து மலைமேல் ஏற்றினோம். எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மலையிலிருந்து விறகு இறங்கித்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டை மேலும் மிலாறைப் பரப்பி, காற்றில் பறக்காமல் மானாப்புல்லையும் சேர்த்துப் போட்டோம்.

அதற்குப் பிறகு காத்திருப்புத்தான். அவள் மறுபடியும் எங்களோடு கொழுந்துக்கு வந்தாள். பெரட்டுக்களத்தில், "என்னா, துளுத்துச்சா?" என்பதே அவளுக்குக் காலை வணக்கம் ஆகிவிட்டது. முதலில் கேலியாகக் கேட்டார்கள். போகப்போக உண்மையாகவே கேட்டார்கள். பொழுது சாய்ந்தால் மேல் நிரைக்கு ஏறுவாள். நகத்தால் பட்டையைக் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பாள். இறங்கி வரும்போது முகத்தைப் பார்த்து நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

காற்று நின்று ஒரு மழையும் பெய்தது. அதற்குப் பிறகு ஒருநாள் மேலேயிருந்து, "அக்கா! அக்கோவ்!" என்று கூப்பிட்டாள். மூச்சு இளைக்க ஏறினேன். மிலாறை விலக்கிக் காட்டினாள். கறுத்த கட்டையில், வெட்டின வாய்க்குக் கொஞ்சம் கீழே, அரிசி அளவில், சிவப்பாக ஒன்று நின்றது. பக்கத்துச் செடியிலும் இருந்தது. அதற்கு அடுத்ததில் இல்லை. அதற்கும் அடுத்ததில் இருந்தது.

தொடுவாள் என்று நினைத்தேன். தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கை சும்மா இருந்ததை அன்றைக்கு ஒருநாள்தான் பார்த்தேன்.

சில செடிகள் செத்துத்தான் போயின. கங்காணி வந்து அவற்றையும் பார்த்தார், துளிர்த்ததையும் பார்த்தார். "செத்த எடத்துல கன்னு வைய்யி" என்றார். இறங்கப் போனவர் திரும்பி, "அடுத்த மலைக்குக் கத்தியத் தீட்டிக்க" என்றார்.

நான் வேலையை விட்டு நின்ற பிறகும் அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். படைக்கும்போது அவள் கத்தி மற்றக் கத்திகளோடு சேர்ந்தே இருந்தது. நான் மிலாறுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. வீட்டில் எவ்வளவு விறகு கிடந்தாலும் போவேன்.

பல வருடம் கழித்து, வளர்ந்து கொழும்பில் வேலைக்குப் போய்விட்ட அவள் மகன் வந்து கூப்பிட்டான். மருமகளும் வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அவள் ஒரு வாரம் பொழுது சாய்ந்தால் மேல் நிரைக்கு ஏறிப்போய் உட்கார்ந்திருந்தாள். பிறகு சாமான் கட்டினாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் பையிலிருந்து சாக்குச் சுற்றிய கத்திப் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கொழும்புல எத வெட்டப் போற?" என்று கூடப் புறப்பட்ட அவள் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார்.

"எதாச்சும் இருக்கும்" என்றாள். என்னைப் பார்த்து, "பயப்படாதக்கா, பேரன் முடியில கை வைக்கமாட்டேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போயிட்டு வா என்று மட்டும் சொன்னேன்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் வரும். போனைக் காதில் வைத்தால் எனக்குப் பேச வராது. அவள்தான் பேசுவாள். அவர்கள் இருப்பது மாடி வீடாம். சன்னலைத் திறந்தால் இன்னொரு சன்னல்தானாம். போன பொங்கலுக்குக் கேட்டாள்.

"அக்கா, என் மேல் நிரை எப்பிடி இருக்கு?"

அந்த மலையைத் தோட்டம் கைவிட்டு எவ்வளவோ காலம். வெட்ட ஆளில்லை, எடுக்கவும் ஆளில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"மரமா வளந்துருச்சு புள்ள. அண்ணாந்துதான் பாக்கணும்."

அந்தப் பக்கம் சன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"ஒரு கிளைகூட விடாம வெட்டுனேன்ல" என்றாள் மெதுவாக. "இப்ப எல்லாக் கிளையும் மூச்சு விடட்டும்."

மறுநாள் நான் தனியாக மலைக்கு ஏறினேன். முழங்கால் வலிக்கு இடைக்கிடை உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனேன். மேல் நிரையில் தேயிலை மரங்கள் வெள்ளைப் பூ பூத்திருந்தன. செத்த இடத்தில் அவள் வைத்த கன்றுகளும் எது எது என்று தெரியாமல் உயர்ந்துவிட்டன. காற்று ஒன்றுதான் சத்தம் போட்டது. கீழே காய்ந்து விழுந்த சுள்ளிகள் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒரு கட்டாகக் கட்டினேன். தலையில் தூக்கிவைக்க ஆளில்லாததால் இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.

என் மருமகள் வாசலில் நின்றாள். "கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டுக்கு இது எதுக்கு மாமி?"

கட்டை இறக்கிச் சுவரோரம் சாய்த்தேன்.

"கை கேட்டுச்சு" என்றேன்.